ஆயில் குறையாத வண்டி

தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க போனை எட்டிப் பாக்கறது நாயமில்லைதான். ஆனா அந்த டப்பா படம் கண்ணுல பட்டுருச்சு. என்ஜின் ஆயில்தானுங்க அது? டீசல் வண்டிக்குங்களா? அப்படின்னா சித்த பொறுங்க, பணத்தைக் கட்டிப் போடாதீங்க. பஸ்ஸு கவுந்தப்பாடி தாண்டி பவானி போய்ச் சேர நேரம் கெடக்குது. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்பறம் அமுத்துங்க.

சிந்தெடிக் போடறதா, சாதா ஆயிலே போதுமா, எத்தனை ஆயிரம் ஓடுனா மாத்தறது, இதானுங்களே உங்க யோசனை? எனக்குத் தெரியுமுங்க. இந்த யோசனையிலயே ஒரு வருசம் தூக்கமில்லாமக் கெடந்தவன் நான். எம்பட பேரு குழந்தைசாமி. கோபிக்குப் பக்கத்துல வாய்க்காக் கரை ஊரு. ஸ்கூல் வேன் வெச்சிருந்தனுங்க. வெச்சிருந்தேன்னுதான் சொல்லோணும், இப்ப இல்லை.

முந்தியெல்லாம் நானேதான் ஓட்டுனேன். சக்கரை வந்து கண்ணைப் புடிச்சுருச்சு, டாக்டரு ஸ்டேரிங்கைத் தொடக்கூடாதுன்னுட்டாரு. சரின்னு ஊட்டுக்காரிக்கு ஓட்டக் கத்துக் குடுத்தேன். ருக்குமணின்னு பேரு. லைசென்சு, பேட்ஜு எல்லாம் எடுத்துட்டா. நல்லாத்தான் ஓட்டுவா, கத்துக் குடுத்தவன் அப்படி. ஸ்கூல் வண்டின்னா டிரைவர் போகக் கூட ஒரு ஆளு இருக்கோணும், சட்டம். அந்த ஆளு நான். ஓட்டறது அவ, வண்டி என்னுது, முன் சீட்டுல நான். புள்ளைகளை ஏத்தி எறக்கறது மட்டும் அவதான், நான் எறங்கி ஏறுனா முட்டி வலிக்கும்.

பழைய வண்டிக்கு இந்தத் தலைவலி எல்லாம் கெடையாதுங்க. அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடுச்சுன்னா மெக்கானிக் தேவராசுகிட்ட விடுவேன். அவன் கருப்பு ஆயிலைக் கீழ எறக்குவான், கொஞ்சம் டீசலை ஊத்தி என்ஜினைக் களுவி விடுவான், சாதா ஆயிலை ஊத்துவான், நான் டீ வாங்கித் தருவேன். நடுவுல ஆயிலைக் குடிக்கும் அந்த வண்டி, மாசம் ஒருக்கா மேல ஊத்தோணும். பழகிப் போச்சு. கெழட்டு மாடுன்னா தீனி எச்சாத் திங்கத்தான செய்யும்.

அதைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்தோம் பாருங்க, அங்க ஆரம்பிச்சுது கெரகம். புது வண்டியில சைலன்சர்கிட்ட ஒரு டப்பா. புகையில இருக்கற கரியை அந்த டப்பா புடிச்சு வெச்சுக்குமாம். இதுக்குன்னு தனி ஆயிலு, சிந்தெடிக்குதான் போடோணும்னு ஷோரூம்ல சொன்னாங்க. கையில ஊத்திப் பாத்தேன். தண்ணியாட்டம் ஓடுதுங்க. இதையா ஊத்தறதுன்னு கேட்டேன். மோர் கெட்டியா இருந்தாத்தான வவுத்துக்கு நல்லது.

எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்தறதுன்னு கேட்டேன். கேக்காம இருந்திருக்கோணும். ஷோரூம்காரரு பதினஞ்சாயிரம்னாரு, இல்லாட்டி வருசம் ஒண்ணு, எது முந்துதோ அது. அதோட விட்டிருந்தா நல்ல மனுசன். ஸ்கூல் வண்டி நின்னு நின்னு போறது, அதுக்குப் பாதியிலயே மாத்திருங்கன்னு இன்னொண்ணையும் சேத்துச் சொன்னாரு. பதினஞ்சா, ஏழரையா? ஒரே வாயில ரண்டு பேச்சு. தேவராசுகிட்டக் கேட்டா, அண்ணா நீங்க அஞ்சாயிரத்துலயே மாத்துங்க, ஆயில் மாத்திக் கெட்ட வண்டி உலகத்துல இல்லைங்கறான். அவன் பொழப்பு அது, சொல்லத்தான செய்வான். அப்பறம் எங்க டிரைவருக வாட்ஸாப் குரூப்பு. அதுல ஒருத்தரு, நான் நல்ல சிந்தெடிக் ஊத்தி இருபத்தஞ்சாயிரம் ஓட்டறேன், வண்டி பஞ்சாட்டம் போகுதுன்னு போட்டாரு. அவரு ராத்திரி பகலா பெங்களூரு ஓடறவரு. வண்டின்னா எல்லாம் வண்டிதானுங்களே.

ஆள் கூடுனா பாம்பு சாகாதுன்னு சும்மாவா சொன்னாங்க. நான் என்ன பண்றது? பங்காளி சண்டையில ஆளுக்கொண்ணு சொன்னா, ரண்டையும் கூட்டி நடுவுல ஒண்ணு பேசி முடிப்பமில்லீங்களா, அப்படி முடிச்சேன். அஞ்சும் இருபத்தஞ்சும். நடுவுல பதினஞ்சு. ஷோரூம்காரரு மொதல்ல சொன்னதும் அதே பதினஞ்சு. தெய்வமே சொன்னாப்புல இருந்துச்சு. ருக்குமணி மட்டும், நம்ம வண்டி நின்னு நின்னுதான மாமா போகுது, அவரு சொன்ன பாதி நமக்குத்தானன்னா. பொம்பளைக்கு எப்பவும் பாதிக் கணக்குத்தான் காதுல ஏறும்.

ஆயில் வாங்கறப்ப நான் கஞ்சத்தனம் பாக்கலைங்க, அதையும் சொல்லீர்றேன். அந்தத் தண்ணி ஆயில்லயே ஒசந்தது எதுவோ அதைத்தான் வாங்குனேன். முருகனைக் கும்புட்டு ஊத்துனேன். நான் ஒண்ணும் தெரியாத ஆளில்லை.

தெனமும் காலையில குளிச்சுத் திருநீறு வெச்சுட்டு மொத வேலை, பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவிப் பாக்கறது. குச்சியில மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு இருக்கும். ரண்டுக்கும் நடுவுல ஆயில் நிக்கோணும். புது ஆயில் ஊத்தி கொஞ்ச நாளு ஆச்சு, குறையலை. இன்னும் கொஞ்ச நாளு ஆச்சு, ம்ஹூம். பழைய வண்டின்னா இந்நேரம் ரண்டு தடவை மேல ஊத்தியிருப்பேன். சிந்தெடிக்னா சிந்தெடிக்தாண்டான்னு நெனச்சேன். அப்பறம் ஒரு நாளு பாக்கறேன், ஆயில் ஏறி நிக்குது.

சிரிக்காதீங்க. நானும் கண்ணுதான் மங்கிப் போச்சுன்னு நெனச்சேன். ருக்குமணியைக் கூப்புட்டுக் காட்டுனேன். ஆமா, ஏறியிருக்குதுன்னா. அடுத்த வாரம் மேல் கோட்டைத் தொட்டுருச்சு. அதுக்கடுத்து கோட்டையும் தாண்டிருச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சுங்க. ஊத்தாமயே ஊறுது. வாட்ஸாப்ல போட்டோ எடுத்துப் போட்டேன். நல்லமுத்துன்னு ஒரு தோட்டத்துக்காரன், எம்பட சேக்காளி, நீ குடுத்து வெச்சவண்டான்னான். எச்சா நின்னதுல ஒரு சொம்பு உறிஞ்சி எடுத்து அவன் தோட்டத்து இரும்புக் கேட்டோட கொண்டிக்கு ஊத்தக் குடுத்தேன். நாலு நாள்ல மறுபடி அந்த எடத்துக்கு ஏறிருச்சு. இந்த அட்சய பாத்திரத்தை எதுக்கு மாத்தோணும்? பதினஞ்சாயிரம் வந்துச்சு, தாண்டுச்சு. குறையட்டும், மாத்திக்கலாம்னு உட்டுட்டேன்.

இவதான் சும்மா இருக்க மாட்டா. ஒரு நாளு குச்சி தொடைச்ச துணியை மோந்து பாத்துட்டு, டீசல் நாத்தம் அடிக்குது மாமான்னா. டீசல் வண்டியில டீசல் நாத்தம் அடிக்காம மல்லியப்பூ வாசமா அடிக்கும்னேன். துணியைச் சுருட்டி வெச்சுட்டுப் போய்ட்டா. எனக்கும் பதில் சொல்லத் தெரியுமில்லீங்களா.

இன்னொண்ணு, லைட்டு. டேஷ்போர்டுல ஆரஞ்சுல ஒரு லைட்டு எரிய ஆரம்பிச்சுது. டப்பா மாதிரி ஒரு படம், உள்ள புள்ளி புள்ளியா. அவ எனக்குச் சொல்லாம ஷோரூம்ல போய்க் கேட்டுட்டு வந்திருக்கறா. அந்தக் கரி டப்பா ரொம்பிருச்சுன்னா இந்த லைட்டு எரியுமாம். அப்ப என்ஜின் எச்சா டீசலைப் பீய்ச்சி அந்தக் கரியை எரிக்கப் பாக்குமாம். நாலு வழி ரோட்டுல அரை மணி நேரம் நிக்காம ஓட்டுனாத்தான் எரிஞ்சு முடியும், நடுவுல நடுவுல நிறுத்துனா அந்த டீசல் எரியாமக் கீழ எறங்கி ஆயில்ல கலந்துரும்னு சொல்லியிருக்காங்க. கதை நல்லாத்தான் இருக்குது. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை பவானி பைபாஸ் வரைக்கும் சும்மா ஓட்டிட்டு வந்தர்றேன் மாமாங்கறா.

தம்பி, பவானி அவ பொறந்த ஊரு. பைபாஸ்ல எறங்குனா அவ அம்மா ஊடு கண்ணுக்குத் தெரியும். எனக்குப் புரியாதுங்களா? அம்மா ஊட்டுக்குப் போறதுக்கு ஒரு லைட்டு எரியோணுமான்னு கேட்டுட்டேன். வெறும் வண்டியை அரை மணி நேரம் ஓட்டறதுக்கு டீசல் என்ன வாய்க்கால்லயா வருது? அப்பறம் அவ கேக்கலை. லைட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பாக்கறப்பெல்லாம் எரிச்சலா வந்துச்சு. பழனியில வாங்குன முருகன் ஸ்டிக்கரு ஒண்ணு ஊட்ல இருந்துச்சு, அதை அது மேல ஒட்டி உட்டேன். பாக்கறதுக்கு லட்சணமாவும் இருந்துச்சு.

நின்னு நின்னு போறதுன்னு சொன்னேனில்லீங்க. ஒவ்வொரு ஊட்டு முன்னாடியும் நிக்கோணும். ஒரு புள்ளை சாப்புட்டுட்டு இருக்கும், ஒண்ணு ஷூ போட்டுட்டு இருக்கும். அவ வண்டியை ஆஃப் பண்ணப் போவா. நான் விட மாட்டேன். ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போட்டா பேட்டரி என்னத்துக்கு ஆவறது? அதுபாட்டுக்கு ஓடிட்டு இருக்கட்டும்னு சொல்லுவேன். வண்டி மேல அக்கறை எனக்கு மட்டும்தானுங்க.

அன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான் நின்னுட்டு இருந்தோம். வாய்க்காப் பாலத்துக்குக் கொஞ்சம் முந்தி, யாழினின்னு ஒரு புள்ளை ஊட்டு முன்னாடி. அவம்மா வாசல்ல வெச்சு சடை பின்னிட்டு இருக்குது. வண்டி நெறயப் புள்ளைக. என்ஜின் சும்மா ஓடிட்டு இருக்குது. திடீர்னு சத்தம் ஏறுது. யாரோ ஆக்சிலேட்டரை மிதிக்கறாப்புல. மிதிக்க மிதிக்க ஏறுதுங்க, எறங்கவே இல்லை. காலை எடுடின்னு கத்துனேன்.

"கால் மேலதான் இருக்குது மாமா."

பாத்தேன். ரண்டு காலையும் சீட்டு மேல தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறா. வண்டி தானா அலறுது. எட்டிச் சாவியைத் திருப்பி உருவிட்டேன். சாவி எம்பட கையில இருக்குது தம்பி, வண்டி நிக்கலை. நாப்பது வருசமா வண்டியோட கெடந்தவன், சாவியை உருவுனா நிக்காத வண்டியை நான் பாத்ததில்லை. பின்னால வெள்ளைப் புகை, ரோடே தெரியலை. புள்ளைகல்லாம் அழுவுது. அப்ப என்னங்க பண்ண முடியும்? சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வண்டிக்கு மூளை கெட்டுப் போச்சு. நான் கதவைத் தெறந்து எறங்கி, ஆளுகளைக் கூட்டியாரலாம்னு ஓடுனேன்.

ஆளுகளைக் கூட்டியாரத்தான். இதை நல்லாக் கேட்டுக்கோங்க. ஓடிட்டான் ஓடிட்டான்னு ஊர்ல பேசறாங்க. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. யாழினி ஊடு பத்தடியில இருந்துச்சேன்னு கேக்கறாங்க. இருந்துச்சுங்க. அங்க பொம்பளைகதான, அவிங்களைக் கூப்புட்டு என்ன பண்றது? அதான் நல்லமுத்து தோட்டத்துக்கு ஓடுனேன். கொஞ்சம் தள்ளித்தான், வாய்க்காக் கரையோட போகோணும். முட்டி வலியெல்லாம் அன்னைக்கு எங்க போச்சுன்னே தெரியலைங்க.

நாங்க திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. இவ சீட்டைத் தாண்டிப் பின்னால போய்க் கதவைத் தெறந்து, ஒவ்வொண்ணாத் தூக்கித் தூக்கி யாழினி அம்மாகிட்டக் குடுத்திருக்கறா. அந்தம்மா புள்ளைகளை வாங்கி வாங்கி வாசலுக்கு உட்டிருக்குது. யாழினி பாதிச் சடையோட நின்னு அழுவுது. கடைசிப் புள்ளையை எறக்கி இவ ரோட்டுல கால் வெச்சதும், வண்டி ஒரு சத்தம் போட்டு நின்னுருச்சாம். அப்பறம் அது எந்திரிக்கவே இல்லை. ஒரு புள்ளைக்குக்கூடக் கீறல் இல்லைங்க. அதைச் சொல்ல மாட்டேங்கறாங்க பாருங்க ஊர்ல, அதான் எனக்கு வெசனம்.

தேவராசு வந்து கீழ நட்டைக் கழட்டி ஆயிலை எறக்குனான். தண்ணியாட்டம் கொட்டுது. மோந்து பாத்துட்டு, அண்ணா இதுல பாதி டீசலுன்னான். எறங்குன டீசலு ஆயில்ல சேந்து சேந்துதான் மட்டம் ஏறியிருக்குது, எச்சா ஏறுனதை என்ஜின் உள்ள இழுத்து அதையே எரிச்சு ஓடியிருக்குது, சாவியை உருவுனா எப்படி நிக்கும்னு கேட்டான். அப்படின்னா ஆயில் டப்பாவுலயே டீசலைக் கலந்து வித்துட்டாங்களாடான்னேன். அவன் என்னையே பாத்துட்டு இருந்தான். பதில் தெரியலைன்னா அப்படித்தானுங்க பாப்பாங்க. ஷோரூம்ல கேட்டா, இதுக்குக் கேரண்டி கெடையாது, லைட்டைக் கவனிக்கலைன்னு ஒரே பேச்சு. வாட்ஸாப்ல இருபத்தஞ்சாயிரம்காரரு என்னை பிளாக் பண்ணிட்டாரு. யாரைப் புடிச்சுக் கேக்கறது, சொல்லுங்க. சொன்னவங்க அத்தனை பேரும் நல்லா இருக்கறாங்க. கேட்டவன் மட்டும் பஸ்ஸுல போறேன்.

வண்டியை உள்ளபடியே பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்தாச்சு. தூக்கிக் கட்டிட்டுப் போறப்ப முருகன் ஸ்டிக்கரை மட்டும் உரிச்சுக்கலாம்னு பாத்தேன், வரலை.

அதுக்கப்பறந்தானுங்க வேடிக்கை. புள்ளைகளோட அப்பா அம்மால்லாம் ஸ்கூலுக்குப் போயிருக்காங்க. நானும் கையைக் கட்டிட்டுப் போய் நின்னேன், என்ன திட்டு வாங்கோணுமோ வாங்கிக்கலாம்னு. அவிங்க திட்டலை. ருக்குமணி அக்காளை ஸ்கூல் பஸ்ஸு ஓட்டச் சொல்லுங்க, அக்கா ஓட்டுனாத்தான் எங்க புள்ளைகளை அனுப்புவோம்னு கேட்டாங்க. எனக்குக்கூடப் பெருமையா இருந்துச்சு, நான் கத்துக் குடுத்த வண்டிதான. அப்ப யாழினி அம்மா எந்திரிச்சு, அண்ணன் மட்டும் கூட வர வேண்டாம்னுச்சு. அந்தம்மாளுக்கு என்னைக் கண்டா ஆகாது. நான் ருக்குமணியைப் பாத்தேன். அவரு என்ன பண்ணுவாரு, ஆளைக் கூட்டியாரத்தான போனாருன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். அவ சுவத்துல இருந்த கடியாரத்தைப் பாத்துட்டு நின்னா.

ஸ்கூலுக்குப் பவானிப் பக்கத்துல இருந்து கெளம்பற பஸ்ஸும் ஒண்ணு இருக்குது. அதை ஓட்டறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டா. இங்க இருந்து விடியறதுக்குள்ள போய்ச் சேர முடியாது மாமா, அம்மா ஊட்லயே இருந்துக்கறேன்னா. பாத்தீங்களா, கடைசியில அம்மா ஊட்டுக்குத்தான் போனா. நான் அன்னைக்கே சொன்னேன்.

நானும் அப்பப்ப இப்படிப் போய்ட்டு வர்றேன். மாமியா காப்பி குடுக்கும். இவ பஸ்ஸை உட்டுட்டு சாயந்தரம் வருவா. தட்டம் வெச்சுச் சோறு போடுவா. எண்ணெய் எச்சா ஊத்தாதீங்கம்மா, அவருக்குச் சக்கரைன்னு மாமியாகிட்டச் சொல்லுவா. கோவமே இல்லைங்க. கோவம் இருந்தாத் திட்டுவா, திட்டுனா நானும் திருப்பிச் சொல்லுவேன், பேச்சு முடிஞ்சிரும். இது என்னன்னே எனக்குப் புடிபடலை. நானா பேச்சு எடுத்தேன் போன தடவை. அந்த பஸ்ஸுல என்ன ஆயில் ஊத்தறாங்க, எத்தனை ஆயிரத்துக்கு மாத்தறாங்கன்னு கேட்டேன். தெரியாது மாமா, அவிங்களே மாத்திக்கறாங்கன்னா. எனக்கு மனசு கேக்கலை. ஓட்டறவ குச்சியையாச்சும் உருவிப் பாக்கோணுமில்லீங்களா? நானும் கூட வந்து பாத்துக் குடுக்கறேன்னேன். வேண்டாம்னா. யாழினி அம்மா சொன்னதை மனசுல வெச்சுட்டுப் பேசறியா, நான் ஆளைக் கூட்டியாரத்தான போனேன்னு கேட்டேன்.

அப்பத்தான் தட்டத்தை எடுத்துட்டு எந்திரிச்சவ நின்னா.

"நீங்க போனதுகூடப் பரவால்லைங்க மாமா. நான் புள்ளையைத் தூக்கிட்டே உங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன். பாலம் வரைக்கும் பாத்தேன். ஒருக்காகூட நீங்க திரும்பிப் பாக்கலை."

சொல்லிட்டுத் தட்டத்தைக் களுவப் போய்ட்டா. வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். அதுக்கப்பறம் தெனமும் யோசிக்கறேன். ஆயிலைப் பத்திக் கேட்டிருந்தாக்கூட ஒரு பதில் இருக்குது. இதுக்கு யாரைப் போய்க் கேக்கறது? தேவராசுகிட்டக் கேக்க முடியுமா, ஷோரூம்லயா?

இன்னைக்கு ஒரு பதில் யோசிச்சு வெச்சிருக்கறேன். அதைச் சொல்லத்தான் போறேன். சரியா இருக்குதான்னு நீங்க சொல்லுங்க தம்பி, படிச்சவிங்க மாதிரி தெரியறீங்க. கரை ரோடு, ஒரு பக்கம் வாய்க்காத் தண்ணி, எனக்கோ கண்ணு தெரியாது. அந்த வேகத்துல ஓடறவன் திரும்பிப் பாத்தா விழுந்துர மாட்டானுங்களா?

என்னங்க, நீங்களும் சன்னலுக்கு வெளியில பாக்கறீங்க.